கவுன் இல்லாமல் எடுத்த படம்

அப்பா,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் நாடக உடுப்புகள் வைத்திருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் வந்து அடித்தது. கூட நின்ற இரண்டாம் வகுப்பு ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். எனக்குக் கதவைச் சாத்த மனம் வரவில்லை. உங்கள் சட்டையில், குடையில், சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றி எடுத்துப்போகும் துண்டில், எல்லாவற்றிலும் இருந்த வாசனை அது. நீங்கள் மாடிப்படி ஏறி வருவதை நான் அந்த வாசனையை வைத்தே தெரிந்துகொள்வேன்.

பபேடான் பேட்டையில் பாயின் போட்டோ ஸ்டுடியோவில் உங்களுக்கு என்ன வேலை என்று பள்ளித் தோழிகள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் படம் எடுப்பவர் இல்லை, படம் கழுவுபவரும் இல்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குப் பட்டமளிப்புக் கவுன் மாட்டிவிடுகிறவர். ரங்கூனில் படித்த பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடத்துச் சுவரில் அந்தப் படம் இருக்கும். நடுவில் கவுன் போட்ட பிள்ளை, இரண்டு பக்கமும் நாற்காலியில் அப்பா, அம்மா. அவற்றில் எத்தனையோ படங்கள் உங்கள் கை பட்டவை. கவுன் பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவீர்கள். பட்டச் சுருள் என்று கையில் கொடுப்பது பழைய காலண்டர் தாள், அதைச் சுருட்டி மேலே சிவப்பு ரிப்பன். பெண்களின் கொண்டையில் பூ சரிந்திருந்தால் நீங்கள் தொடமாட்டீர்கள். அவர்களுடைய அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள்.

மாணவர் போராட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த வருடங்களில் கவுன் கேட்டு ஒருவரும் வரவில்லை. அப்போதும் நீங்கள் அவற்றைச் சும்மா விடவில்லை. அந்துருண்டை போட்ட பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் கொடி கட்டி வெயில் காட்டுவீர்கள். காக்காய் எச்சம் போடாமல் காவல் நிற்பது என் வேலை. "தொறப்பாங்க பாப்பா. தொறக்காம எங்க போயிருவாங்க?" என்று சொல்லிக்கொண்டே கழுத்துப் பக்கம் பிரஷ் போடுவீர்கள். உங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நீங்கள் நாலாம் வகுப்போடு நின்றவர். நம் குடும்பத்தில் முதல் கவுன் யாருக்கு என்பதை அந்த மொட்டைமாடியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்குத்தான் அது அப்போது விளங்கவில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாம் வகுப்புத் தேறித் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். வருடக் கடைசியில் சில நாள் வகுப்பு, மனப்பாடம், பரீட்சை. மற்ற நாளெல்லாம் வீடுதான். நம் கட்டடத்துப் பிள்ளைகள் பாடம் கேட்டு வருவார்கள். தையல்காரர் மகள் ஒருத்தி வருவாள், நினைவிருக்கிறதா? பள்ளியில் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிக்கும்போது அவளும் வாயசைப்பாள். தனியாகப் படிக்கச் சொன்னால் ஓர் எழுத்து தெரியாது. அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துத் தெருவில் தெரியும் கடைப் பலகைகளைக் கூட்டிப் படிக்கவைத்தேன். மழைக்காலம் முழுக்க அதுதான் எங்கள் புத்தகம். ஒரு நாள் எதிர்க்கடைப் பெயரை அவளாகவே படித்துவிட்டு, உண்மைதானா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்ன வேலை என்பது அந்தப் பார்வையில் தெரிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் சொன்னேன். பட்டப்படிப்பை நிறுத்திவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மாறப்போகிறேன், ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லும் சயாமா ஆகப்போகிறேன் என்று. க்யிம்யிண்டைங்கில் இருக்கும் அத்தை அன்று கருவாடு கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். உங்களுக்கு முன்னால் அவள்தான் பேசினாள்.

"ரெண்டு வருசம் படிச்சத உட்டுட்டு, சின்னப் புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கப் போறாளாமா?"

"அத்தை, நான்…"

"என்னது? பாத்தியாண்ணே, பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்கே கேக்கல. இவ வாயத் தொறந்தா கொசுகூட பறக்காது. இதுல கிளாசு நடத்தப் போறாளாம்!"

நீங்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"அங்க முடிச்சா கவுனு உண்டா?"

"இல்லப்பா. சர்டிபிகேட் குடுப்பாங்க. வேலைக்குப் போய்க்கிட்டே பட்டத்த அப்பறம் முடிச்சிரலாம்."

"அப்பறம் முடிக்கிறேன்னு போனவங்க எத்தன பேர பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னீர்கள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினீர்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் முடியும் நாள் நெருங்கியது. உங்கள் கையெழுத்து இல்லாமல் போக முடியாது என்பதல்ல என் கவலை. உங்கள் முகம் இப்படி இருக்கும்போது விடுதிக்குப் பெட்டி கட்ட என்னால் முடியாது. அப்போதுதான் ஒரு காலையில் நீங்களாகவே, "பாரத்துக்குப் போட்டோ வேணும்ல? ஞாயித்துக்கிழம கடைக்கு வா பாப்பா. பாய் எடுத்துத் தருவாரு" என்றீர்கள். நான் எப்படி மகிழ்ந்துபோனேன் தெரியுமா? தலைக்குக் குளித்து, கன்னத்தில் தனகாச் சாந்து பூசாமல், வெள்ளை மேற்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஸ்டுடியோவின் உள்ளறைக்குள் நுழைந்தால் அம்மா அங்கே இருக்கிறாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. பட்டமளிப்பு மண்டபம் வரைந்த திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி, ஒன்றில் அவள். இன்னொன்றின் முதுகில் இஸ்திரி போட்ட கவுன். நீங்கள் காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். பாய் கேமராவுக்குப் பின்னால் நின்று கூரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு படம் பாப்பா" என்றீர்கள். "நீ எங்க வேணா போய்ப் படி. நான் தடுக்க மாட்டேன். இது வீட்டுல மாட்டறதுக்கு. ரெண்டு வருசம் படிச்சிருக்கல்ல? மிச்சம் ஒரு வருசந்தான். யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

அம்மா தரையைப் பார்த்தபடி, "அப்பா ஆசப்படுறாரு. போட்டுக்கயேன்" என்றாள்.

நீங்கள் கவுனை எடுத்து, என் தோள் உயரத்துக்கு விரித்துப் பிடித்தீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிடிப்பீர்களே, அதே மாதிரி. ஒரு கையை நுழைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள், நானும் கல்லூரிக்குப் போயிருப்பேன். என் கை எழவில்லை, வாயிலிருந்தும் எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

"போயிட்டான்யா" என்றார் பாய். "எல்லாரும் அப்படியே உக்காருங்க. இவன் எப்ப வருவான்னு சொல்ல முடியாது."

கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் என்னால் பேச முடிந்தது என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று குரலை நானே உயர்த்தினேன்.

"அப்பா, போன மாசம் ஒருத்தரு வந்தாருன்னு சொன்னீங்கள்ல? பொண்ணு பாக்கப் போறேன், கவுனு போட்டு ஒரு படம் எடுத்துக் குடுங்கன்னு. அவருகிட்ட என்ன சொன்னீங்க?"



"நான் சொல்றேன் பாப்பா" என்றார் பாய் இருட்டுக்குள்ளிருந்து. "'படிச்சு வாங்கிட்டு வாங்க தம்பி, ஒங்களுக்குன்னு தனியா இஸ்திரி போட்டு வெக்கிறேன்'னாரு ஒங்கப்பன். கடைக்கு வந்த யாவாரத்த வாசல்லயே வெரட்டி உட்டாரு. நான் மொதலாளி, பாத்துக்கிட்டு நின்னேன்."

"அது வேற ஆளு. இது எம் புள்ள" என்றீர்கள்.

"ஒங்க புள்ளைங்கறதுனாலதாம்ப்பா வேணாங்கறேன்" என்றேன். "நம்ம வீட்டுக்கு வர்றவங்க அந்தப் படத்தப் பாப்பாங்க. நீங்களும் தெனமும் பாப்பீங்க. பாக்கறப்பல்லாம் ஒங்களுக்கு மட்டும் தெரியும். நான் பட்டத்த வாங்குவேன். வாங்கிட்டுப் போட்டுக்கறேன். இன்னிக்கு எனக்குப் பாரத்துக்குத்தான் படம் வேணும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அதுவரை நான் பேசியதில்லை. இருட்டில் அம்மாவின் வளையல் ஒருமுறை குலுங்கியது.

விளக்கு வந்தபோது கவுன் உங்கள் மடியில் மடித்தபடி இருந்தது. இருட்டிலேயே, சுருக்கம் விழாமல் மடித்திருந்தீர்கள். எழுந்து வந்து என் சட்டைக் காலரை நேராக்கினீர்கள். "பாஸ்போட்டு சைசு எடுங்க பாய்" என்றீர்கள்.

என் படம் எடுத்து முடிந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இந்தப் பூவயும் சேலையயும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பஸ்சுல எல்லாரும் என்னையே பாத்தாங்க!"

பாய்க்கு ஒரே சிரிப்பு. "கோவிச்சுக்காதீங்கம்மா. தம்பி, நீ போயி உக்காரு. புருசன் பொண்டாட்டி ஒரு படம் எடுத்துருவோம். காசு வேணாம்."

உட்கார்ந்தீர்கள். நாற்காலிகளை நெருக்கிப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அத்தனை படத்துக்கு இடம் பார்த்து வைத்த உங்களுக்குக்கூட. படம் கழுவி வந்தபோதுதான் பார்த்தோம். நீங்கள் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். அதைத்தான் கூடத்தில் மாட்டினீர்கள்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். நம் கட்டடத்து வாசலில் நின்று, "கடையில பேசுன மாதிரி கிளாசுலயும் பேசுவியா?" என்றீர்கள்.

"பேசுவேன்."

"அப்பப் போ."

போனேன். பயிற்சிக் கல்லூரியில் சீருடை வெள்ளைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் பச்சை லோஞ்சி கட்டிக்கொண்டு முதல்முறை ஒரு வகுப்பின் முன் நின்றபோது, பின்வரிசைப் பிள்ளைகள் கேட்கவில்லை என்று காதில் கை வைத்துக் கேலி செய்தார்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். குரல் வந்தது. அப்போது வந்தது பிறகு போகவே இல்லை.

முதல் வேலை க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் பின்னால் இருந்த ஆரம்பப் பள்ளியில். அத்தையின் பேரனே என் வகுப்புக்கு வந்தான். "மூக்கயும் தொடச்சு உடுறா, எழுத்தயும் சொல்லிக் குடுக்கறா" என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அந்தப் படத்தைக் காட்டி, "நடுவுல யாரு நிக்கணும்?" என்று சிரிப்பார்கள். "எம் மக. ஸ்கூலு உட்டு வர நேரமாவும்" என்பீர்கள். எத்தனை பேர் கேட்டாலும் அதே பதில், அதே பெருமை. ஒரு கவுனுக்காக நீங்கள் ஏங்கிய ஏக்கம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தீர்ந்துவிட்டது என்பது மட்டும் அந்தப் பதிலில் தெரிந்தது.

பட்டமும் வந்தது அப்பா. சொன்னபடி வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன். அதற்கு முந்தைய வருடமே நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். பாயின் கடையில்தான் படம் எடுத்துக்கொண்டேன். உங்களுக்குப் பிறகு வந்தவர் கவுனைத் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாய் கேமராவை விட்டு வந்து, பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பிப் போனார். அந்தப் படத்தை அம்மா உள்ளறையில் மாட்டினாள். கூடத்துப் படத்தை எடுக்க அவள் விடவில்லை.

இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இது இரண்டாம் வருடம். நாளை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். வரவேற்பு நிகழ்ச்சிக்கு உடுப்பு எடுக்கத்தான் அந்த அலமாரியைத் திறந்தோம். அவர் வந்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்காரவைப்பதும், மற்றவர்களைக் கடைசியில் ஒளித்துவைப்பதும் எல்லோரும் செய்கிற ஏற்பாடு. என் வகுப்பில் ஒருத்தி இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். தலைமை சயாமா நல்லவர். என் நன்மைக்காகத்தான் சொன்னார். "அவளை ஒரு பக்கம் நெட்டுருப் போட வை. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கட்டும். அவர் என்ன, வரியில் விரல் வைத்தா பார்க்கப்போகிறார்?"

"வேண்டாம் சயாமா" என்றேன். "அவளுக்கு மூன்று வரி படிக்க வரும். மூன்று வரி படிக்கட்டும். மீதி எப்போது வரும் என்று அவர் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் வகுப்பு, உன் பாடு" என்று போய்விட்டார். கூச்சம் இன்றும் என்னிடம் இருக்கிறது அப்பா. விருந்து வீட்டில், பஸ்ஸில், புதியவர்கள் முன்னால் இன்றும் பேச்சு வராது. ஆனால் வகுப்பு என்ற இந்த ஓர் இடத்தில் மட்டும் வரும். அன்று இருட்டில் நான் உங்களுக்குச் சொன்ன மறுப்பு, நீங்கள் கடை வாசலில் நின்று வேறொருவருக்குச் சொன்னதுதான். உங்கள் பேச்சை உங்களிடமே திருப்பிச் சொன்னேன், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் வகுப்பு நடத்துகிறேன்.

சாயங்காலம் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, நாளை முன் பெஞ்சில் நீ உட்கார வேண்டும் என்றேன். "எனக்கு மூணு வரிதானே தெரியும் சயாமா?" என்றாள். தெரியும், அந்த மூன்றையும் சத்தமாகப் படி, பிறகு நிறுத்திவிடு என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய், முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள்.