மணி அடித்த பிறகு கேள்

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிந்தியாவுக்கு,

யசோதா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், மெல்போர்ன் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நோயலின் அக்கா மகள் நாளை அங்கே புறப்படுகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் பிள்ளை க்ளென் வெள்ளிக்கிழமை இடத்தை விற்கிற பத்திரத்தோடு உன்னிடம் வருகிறானாம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும்.

உன் அப்பா விட்டுப்போன காம்பவுண்டில், நாம் இரண்டு பேரும் ஸ்கூலிலிருந்து ரிடையர் ஆன வருஷம் இந்தப் பழைய காலக் காட்சியை ஆரம்பித்தோம். பின்வரிசையில் குடியிருக்கும் ஆறு குடும்பமும் சனி, ஞாயிறு முன்முற்றத்துக்கு வந்தால் அங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம். மரகதம் பட்டாளத்துத் துணி துவைப்பாள். அவள் புருஷன் தனக்கோடி கிணற்று நீர் இறைத்து ஊற்றுவான். நோயல் தகரப் பெட்டியில் ரொட்டி விற்பான். எல்லாம் அவரவர் முன்னோர் இதே தெருவில் செய்த வேலை. சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மணி அடிக்கிற வரைக்கும், டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்டாலும் அந்தக் காலத்தை விட்டு வெளியே வரக்கூடாது. அது நீ போட்ட சட்டம்.

எவ்வளவு கண்டிப்பாக இருந்தாய்! ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் ரொட்டிக்கு கூகுள் பே உண்டா என்று கேட்டதற்கு, "கூகுளா, அவரு எந்த ரெஜிமெண்ட் சார்?" என்றான் நோயல். நீ அன்று அவனுக்குக் கைதட்டினாய். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு யாரோ போல வந்து மரகதத்தைச் சோதித்துப் பார்த்ததும் நீதான்.

போன மாதம் க்ளென் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இடத்தை வாங்கப்போகிற இரண்டு பேரும் கூட இருந்தார்கள். முற்றம் நிறையக் கூட்டம், மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. போனை நீட்டி மரகதத்திடம் கேட்டிருக்கிறான், ஓனர் காலி பண்ணச் சொன்னால் போவீர்களா என்று. அவள் சோப்புக் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: "துரைசாணி சொன்னா போயிடுவோம் சாமி. எங்க ஊரு வாலாஜா பக்கம். வேலை இருக்கிற வரைக்குந்தான் இங்க இருப்போம்."

அந்த வீடியோவைத்தான் நீ பார்த்தாய். அவங்களே போறேன்றாங்க, நடுவுல நீ யாரு என்று என்னிடம் கேட்டுவிட்டு போனை வைத்தாய்.

பள்ளிக்கூட நாடகத்தில் இராவணன் வேஷம் போட்ட பிள்ளையை, சீதையைத் தூக்கினான் என்று யாராவது போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா? க்ளென் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அங்கேயே வளர்ந்தவன், நம் சட்டம் அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாமல் போயிற்று?

மரகதம் சரியாகச் சாப்பிட்டு நாளாகிறது. ஆறு குடும்பத்தையும் தானே தெருவில் நிறுத்திவிட்டதாக நினைக்கிறாள். தனக்கோடி வேறு, ஒரே வார்த்தையில் எல்லாரையும் வாலாஜாவுக்கு பஸ் ஏற்றிவிட்டாய் என்று குத்திக்காட்டுகிறான். அவள் வாலாஜாவைப் பார்த்ததுகூட இல்லை. பிறந்தது பின்வரிசையில் மூன்றாவது வீட்டில். அந்த வீட்டுச் சுவரில் நேற்று யாரோ சிவப்புப் பெயிண்டில் இடிக்கக் குறி போட்டுப் போனார்கள். நோயல் ஊருக்கு வெளியே பொம்மசந்திரா வரைக்கும் போய் வாடகை விசாரித்துவிட்டு, அதுவும் கட்டுப்படியாகாது என்று திரும்பி வந்தான்.

பழைய வேலையைக் காட்டி டிக்கெட் விற்பதால் யாருக்கு என்ன லாபம் என்று க்ளென் கேட்டானாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன். தெருவில் போர்வெல் எல்லாம் வற்றிய அந்தக் கோடையில் டேங்கரும் வரவில்லை. வேடிக்கைக்காக நாம் தூர்வாரி வைத்திருந்த கிணற்றடியில்தான் தெரு முழுக்கக் குடத்தோடு நின்றது. கன்னடக்காரர், உருதுக்காரர், எல்லாருக்கும் தனக்கோடிதான் இறைத்து ஊற்றினான். குடிக்க ஆகாது, ஆனால் குளிக்கவும் துவைக்கவும் அந்த நீர்தான். அந்தக் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டுத்தான் பார்க்கிங் வருமாம்.

இன்னொன்று, மரகதத்தின் மகள் விஜி. நம் வகுப்பில் எந்த ஏரியா என்று கேட்டால், மர்பி டவுன் என்று சொல்ல வெட்கப்பட்டு இந்திராநகர் பக்கம் என்று முணுமுணுப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது தொம்மலூரில் ஆபீஸ் வேலை. போன வருஷம் கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்று, இவங்கதான் எங்கம்மா என்றாள். மரகதம் சட்டத்தை மீறவில்லை. "யாரும்மா நீ, துணி இருந்தா போட்டுட்டுப் போ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மணி அடித்த பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே பார்க்க வந்தாலும் சட்டத்தை விடாதவளை, அந்தச் சட்டத்தாலேயே வெளியே அனுப்பப் போகிறாயா?

சிந்தியா, இடம் உன்னுடையது. விற்க உனக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. உன் வைத்தியச் செலவும் எனக்குத் தெரியும். கையெழுத்து போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வா. முடியாவிட்டால் வீடியோ காலில் வா, போனை நான் பிடித்துக்கொள்கிறேன். முதலில் மணியை அடிக்கிறேன். மரகதம் தூக்கிச் செருகின புடவையை இறக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்பாள். அதற்குப் பிறகு அதே கேள்வியை நீயே உன் வாயால் கேள். அப்போதும் அவள் போகிறேன் என்று சொன்னால், நான் நடுவில் வரமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ கும்பிடுகிற கர்த்தர் உன் முழங்காலுக்குப் பலம் தரட்டும், நம் கேட்டிலிருந்து அந்த மணி வரைக்கும் நடந்து வருகிற அளவுக்காவது.

உன்,
யசோதா