வாங்க அண்ணாச்சி

ஐப்பசி 9, திங்கள்

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற என் மக, போன் போட்டால் ரெண்டு நிமிஷத்தில் வச்சிருவா. அதனால்தான் அவ சொல்லிக்கொடுத்த செல்போன் துப்பாக்கி விளையாட்டை, கடலைமிட்டாய்க் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் அவகூட விளையாடுதேன். விளையாடிக்கிட்டே மைக்கில் அரைமணி நேரம் பேசுவா. நான் சுட்டு இதுவரை ஒரு கொசுகூடச் செத்ததில்லை.

இன்னைக்கு அவ ஹாஸ்டல் பிள்ளைகள் ரெண்டு பேர் எங்க அணியில் சேர்ந்தாங்க. நான் ஒரு வீட்டுக்குள்ள ஒளிஞ்சு நின்னேன். கதவைத் திறந்துக்கிட்டு எதிரி ஒருத்தன் வந்தான். இருபது வருஷக் கடைப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?"னு கேட்டுட்டேன். அவன் சுட்டுட்டான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்புதான். அப்ப ஒருத்தி கேட்டா: "யாருடி இந்த அண்ணாச்சி? உனக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியலடி. யாரோ வந்து சேர்ந்திருக்காங்க"ன்னு சொன்னா என் மக.

செத்த ஆளுக்கும் காது கேக்கும்கிறது அவளுக்கு மறந்துபோச்சு போல.

சாயங்காலம் மெசேஜ் போட்டிருந்தா. "அப்பா, நாளைக்கும் வாங்க. மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிருங்க."

சரி பாப்பான்னு பதில் போட்டேன். ராத்திரி சாப்பிடும்போது, "பாப்பா பேசினாளா?"ன்னு அவ அம்மா கேட்டா. நல்லாப் பேசினான்னு சொல்லிட்டேன்.

மைக் இல்லாம அங்கன போய் நான் என்ன செய்ய? எனக்குச் சுடவும் தெரியாதே.