புரோகிராமின் மேல் என் பெயர்

மகளின் கல்லூரிப் புத்தகம் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. கம்ப்யூட்டர் தொழிலில் எது நியாயம், எது அநியாயம் என்று இப்போது ஒரு பாடமே இருக்கிறதாம். 'புரோகிராமில் ஒரு குறையை மறைக்கும்படி மேலதிகாரி சொன்னால் என்ன செய்வீர்கள்?' பத்து மதிப்பெண்.

"அப்பா, நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க? பதாவோ நா, சொல்லுங்க," என்றாள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியும். நண்பா, உன் ஞாபகம் வந்தது. நீ இறந்து மூன்று வருடமாகிறது.

பிழைப்புக்காக வடக்கே வந்து ஆகுர்டியில் நாம் வேலை பார்த்த பட்டறைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த சமயம் அது. கட்கியில் கம்ப்யூட்டர் மாலை வகுப்புக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். நீ புரோகிராம் எழுதக் கற்றாய். நான் அங்கிருந்த ஏசியில் தூங்கக் கற்றேன். அதனால் பட்டறையில் ஸ்கூட்டர் பிரேக்குக்கான பின்களை அளந்து, அளவைக் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டுவது என் வேலை. வரம்பைத் தாண்டினால் உன் புரோகிராம் 'ரிஜெக்ட்' என்று காட்டும். அதில் எதை மாற்றினாலும், மேலே யார், எப்போது, ஏன் என்று ஒரு வரி எழுதிவைப்பாய். "படிக்கப் போறது நீ ஒருத்தன், எதுக்குடா இது?" என்று கிண்டலடிப்பேன்.

நீ சொந்த ஊர் ஆற்காட்டுக்குப் போயிருந்த வாரம், பத்துப் பெட்டி பின்கள் ரிஜெக்ட் ஆயின. நம் மேலதிகாரி சாஹேப் என் நாற்காலிக்கே வந்துவிட்டார். "ஏக் நம்பர் பதல் தோ, பஸ்." ஒரே ஓர் எண்ணை மாற்று, போதும் என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீ பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். வரம்பைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். எல்லாம் பாஸ். சாஹேப் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் ஒரு இன்ஜினியர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ திரும்பி வந்த காலையில் பெட்டிகள் டெம்போவில் ஏறிக்கொண்டிருந்தன. நீ திரையைப் பார்த்தாய்.

"இன்னாடா பண்ண?"

"சாஹேப் சொன்னாரு. ஒரு நம்பர்தான்டா."

நீ திட்டவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளினாய். "சரி. மேல உன் பேர் போடு. ஏன் மாத்தினன்னு எழுது."

பெயரை அடித்துவிட்டேன். காரணத்துக்கு விரல் எழவில்லை.

"அந்த வண்டிங்க நம்ம ரோட்லதான்டா ஓடும்," என்றாய்.

கடைசியில், 'பயந்து மாற்றினேன், தப்பு' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன். பிறகு ஓடிப்போய் டெம்போவின் முன்னால் நின்றேன். நீ அதை அச்செடுத்துக்கொண்டு சாஹேபிடம் போனாய். பெட்டிகளை இறக்காவிட்டால் பின்களை வாங்கும் கம்பெனிக்கே அந்தத் தாளை அனுப்புவேன் என்றாயாம். இறக்கினார்கள். அடுத்த வாரமே உன்னைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து பிரஸ் மிஷினுக்கு அனுப்பினார்கள். தப்பு செய்த நான் என் நாற்காலியிலேயே இருந்தேன்.

நீ பிரஸ் மிஷினுக்குப் போன பிறகு ஒருநாள் புரோகிராமைத் திறந்தேன். என் வரிக்குக் கீழே உன் பெயரும் ஒரு வரியும் இருந்தன: 'பாஸ்வேர்டைக் கொடுத்தது நான். என் தப்பும்தான்.' அதைப் பார்த்தேன் என்று கடைசிவரை உன்னிடம் சொல்லவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ கதையில வில்லன் நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இன்றும் பட்டறையில் ஒரு பெட்டியைப் பாஸ் செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் காரணத்தை ஒரு வரியில் சொல்லிப் பார்க்கிறேன். வராவிட்டால், பேனாவை மூடிவிட்டு மறுபடியும் அளக்கிறேன்.