வழியில் உதவி கூடாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. அதுவும் படி இறங்கும்போது மட்டும்தான் முனகுகிறது. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனிப்பு வாங்கி வருவான் என்று பார்த்தால் தனக்கு ஒரு ஷூ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். சைக்கிள் பயணம் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அதனால் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டது எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருக்கிற பெண். தினமும் சலவைப் பிரிவுக்கு சைக்கிள்லதானே வர்றீங்க அக்கா, நூறு கிலோமீட்டர் ஒண்ணும் பெரிசில்ல என்றாள். அவளுக்கென்ன, வயது இருபத்தைந்து. ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வேலைக்குப் போவதோடு சரி, அதைத் தாண்டி நான் எங்கே போனாலும் ஒருவர் கொண்டுபோய் விடுவார், ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். குறையாகச் சொல்லவில்லை, பாசம்தான். இருந்தாலும் ஒரு காரியத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை நானே முடித்தேன் என்று இருக்கவேண்டும் என்று தோன்றியது. உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார்.

பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று வாங்கச் சொன்னார்கள், அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து மாதிரி இருக்கிறது. கிளம்பும் இடத்தில் எல்லோரும் ஒல்லிச் சக்கர சைக்கிள், நான் மட்டும் கூடை கழற்றிய என் பழைய வண்டி. கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒருவர் விதிகளைச் சொன்னார். நடுவில் இருக்கும் மூன்று இடங்களில் முத்திரை வாங்கவேண்டும், அங்கே யாரும் நமக்கு உதவலாம். வழியில் மட்டும் வீட்டு ஆட்கள் எதுவும் தரக்கூடாது, சைக்கிளில் கைவைக்கக்கூடாது, வைத்தால் கணக்கில் வராது. மாலை ஐந்து மணிக்குள் முடிக்கவேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது முத்திரைவரை ஒரு தொல்லையும் இல்லை. மெதுவாகத்தான் போனேன், வாழைப்பழமும் ரொட்டியும் தின்றேன், ஒரு மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினேன். அதற்குப் பிறகு ஆலைகள் இருக்கும் நீளமான சாலையில் பின்சக்கரம் காற்றுப்போய்விட்டது. கண்ணாடிச் சில்லு. கூட வந்தவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். ஓரமாகச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால், சற்றுத் தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் நம் ஸ்கூட்டர். அதன்மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உன் அப்பா, அடையாளம் தெரியாது என்று நினைப்பு போலிருக்கிறது. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போன மனிதர். கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிட்டே ஓடிவந்துவிட்டார். தொடாதீங்க, வாயாலகூட ஒண்ணும் சொல்லாதீங்க, தொட்டா நான் இங்கேயே உட்கார்ந்துடுவேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் கொண்டுபோயிருந்த பஞ்சர் சாமான்களை எடுத்து, டயரை நெம்பி ட்யூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, தேய்த்து, ஒட்டி, உள்ளே திணிப்பதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. அவர் கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருப்பார், அது உனக்கும் தெரியும். டயரை மறுபடி ஏற்றுவதற்கு நெம்புகோலைப் போட்டேன் பார், அப்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று அடித்த பிறகுதான் புரிந்தது, நெம்புகோல் ட்யூபைக் கடித்து இன்னொரு ஓட்டை போட்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து. அவர் திரும்பவே இல்லை. சட்டை முதுகில் ஒட்டிப்போகும் அளவுக்கு வேர்த்திருந்தது, வேலை செய்தவள் நான், வேர்த்தது அவருக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிஞ்சு போச்சும்மா என்று விசில்காரர் சங்கடத்தோடு சொன்னார். பதக்கமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. அழுதேன். ஒளிப்பானேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எனக்கு முன்பே முடித்துவிட்டுக் காத்திருந்த வரவேற்பு மேசைப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அவரை அனுப்பியது நீதான் என்று வீட்டுக்கு வந்தபிறகு சொன்னார். அம்மாவைத் தனியாக விடாதீர்கள் என்று முந்தின நாள் போன் செய்தாயாமே. உன்மேல் கோபம் வந்தது, இப்போது இல்லை. ஆனால் ஒன்று உனக்குத் தெரியவேண்டும். நான் கை வச்சிருந்தா நீ நேரத்துக்குப் போயிருப்பே என்று அவர் சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, இதை எழுதும் இந்த நிமிடம்வரை சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்பதைக்கூட மூன்று நாள் சொல்லிக்காட்டுகிற மனிதர் அவர்.

இன்னும் இரண்டு மாதத்தில் அடுத்தது நடக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன். நீ யாரையும் அனுப்பாதே. கவலைப்படுவதாக இருந்தால் அங்கேயே இருந்து படு, எனக்குப் போன் செய்து படாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் வாழவேண்டும்.

நேற்று அவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை வழியில் எங்கேயும் நிற்கக்கூடாது என்று. அப்போ முடியற இடத்துல நிக்கிறேன், அங்க வந்து இறங்கினதும் சைக்கிளை நான் வாங்கிப் பிடிச்சுக்கலாம்ல என்று கேட்டார். பிடிச்சுக்கலாம் என்றேன்.

உன் அன்பு,
அம்மா