தம்மாம் டேப்பும் நாலு கரிப் பிளக்கும்

கடையநல்லூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹுஸைஃபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோருக்கும் சுகம், உன் பெண்டாட்டி நிலோபர் ஒருத்தியைத் தவிர. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓட்டிப் பாதியைக் கேட்கிறாய், போன் பண்ணினால் சைட்டில் இருக்கிறேன் உம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் மறித்துப் பேச உன்னால் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்கா ராபியாவின் மாப்பிள்ளை வியாழக்கிழமை தம்மாம் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பொட்டலமும் வரும். அல்வா என்று நினைத்து ஆசையாகப் பிரிக்காதே.

வாப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை, இப்போது கேள். காலை பத்து மணி இருக்கும், அவர் உதடு கறுத்துப்போனது. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் பண்ணினால் எல்லா வண்டியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். நிலோபர் ஆணியில் கிடந்த சாவியை எடுத்து உன் டர்போ காரை வெளியே எடுத்தாள். யாரும் ரோட்டில் எடுக்கக் கூடாது என்று நீ சட்டம் போட்ட அதே பழைய கார்தான். அவளுக்கு லைசென்ஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடைகால் ஊரைத் தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை, ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். இஞ்சின் விளக்கு மினுக்கத் தொடங்கியது. அவள் ஓரம் கட்டி நிறுத்தி, வந்த லோடு ஆட்டோவை மறித்து வாப்பாவை ஏற்றி, தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தாள். அங்கே வராந்தாவில் நின்று உனக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் போட்டேன், அது என் புத்தி கெட்டதனம். வாப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். அடுத்து நீ கேட்டது வண்டியை. பொம்பள கையில வண்டியக் குடுத்தா இஞ்சினத் தின்னுட்டுத்தான் விடுவா, இனி அவள சாவியத் தொட விடாதீங்க என்றாய். ராபியா, அவள் மாமியார், வராந்தாவில் நின்ற நர்ஸ் எல்லோரும் கேட்டார்கள். நிலோபர் வாப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது, இன்றுவரை நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு வண்டிச் சத்தத்தை வீடியோவில் கேட்டுவிட்டு டர்போ போச்சு, முழுசா மாத்துங்க என்று உத்தரவு போட்டாய். தம்மாமில் உட்கார்ந்துகொண்டு தென்காசியில் கிடக்கும் இஞ்சினுக்கு நாடி பார்க்கிறாய். நான் அதைச் செய்யவில்லை. குற்றாலம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிச்சையாவிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், நானும் நிலோபரும் பகல் முழுக்க அங்கேயே இருந்தோம். உங்களுக்கு என்ன தெரியும் உம்மா என்பாய், தெரியாததால்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அவருடைய கம்ப்யூட்டர் சொன்னது. அதை வைத்து அவர் எதையும் மாற்றிவிடவில்லை. இரண்டாவதின் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டுப் பார்த்தார், காயில் கெட்டிருந்தால் குறையும் அதோடு மூன்றாவதுக்குப் போக வேண்டுமாம். போகவில்லை. பிறகு பிளக்கைக் கழற்றினார், நாலும் அடுப்புக்கரி. ஏம்மா, இந்த வண்டி ஓடுதா, இல்ல நின்ன எடத்துலயே உறுமுதா என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், வாராவாரம் ஜும்மா முடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் வைப்போம், மகன் சொல்லியிருக்கிறான் என்று. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரங்க வீட்டுக் காரு எல்லாம் இங்கன இதே சீக்குலதான் வருது, நல்லா சூடேறுறதுக்குள்ள அமத்திருதீங்க, கரி எரியாம அப்படியே படிஞ்சிருது என்றார். ஏழு மாசமாக உன் வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, உன் பேச்சைக் கேட்டு வண்டிக்குக் கரி ஊட்டியிருக்கிறார். விளக்கு மினுக்கிய பிறகும் மிதித்து ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் சைலன்சரும் கருகியிருக்கும், நிறுத்துனவ கெட்டிக்காரி என்றும் அவர் சொன்னார்.

ஆனால் கரி மட்டும் இழுவையை இவ்வளவு குறைக்காது என்று அவருக்குச் சந்தேகம். இஞ்சினுக்குக் காற்றைச் சேர்த்து அழுத்தி அனுப்பும் டர்போவின் விசிறியை விரலால் சுற்றிக் காட்டினார், ஒரு ஆட்டமும் இல்லை, நீ போச்சு என்ற டர்போ நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் காற்றுக் குழாயின் வாயை அடைத்து உள்ளே புகையை ஏற்றினார். டர்போவிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியில் புகை வந்தது. கையை விட்டுத் துழாவி, கறுப்பு டேப் ஒன்றைச் சுற்றுச் சுற்றாக உரித்தெடுத்தார். உள்ளே ஹோஸ் நீளமாகக் கிழிந்திருந்தது. சேர்த்து அனுப்புகிற காற்று வழியிலேயே போய்விடுகிறதாம், அது தெரியாமல் இஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறதாம், கரிக்கு அதுவும் காரணமாம். டேப்பின் ஓரத்தில் அரபியில் எழுதியிருந்தது. தென்காசியில் எந்தக் கடையில் அது கிடைக்கும் என்று நீ சொல். யார் ஒட்டியது என்று கேட்டேன், நிலோபர் தரையைப் பார்த்தாள். விடாமல் கேட்டதும்தான், குத்தால சீசனுக்கு வந்தப்ப அஞ்சருவில இருந்து திரும்பையில இழுவை போச்சு மாமி, அவங்கதான் ஒட்டுனாங்க, மாமாட்ட சொல்லாத, லீவு முடியுறதுக்குள்ள மாத்திருதேன்னாங்க என்றாள். அன்றைக்கு ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு போனாய். நான் மடியில் ஈரத்துணி மூட்டையோடு பின்சீட்டில் இருந்தேன், டீ குடிக்க நிறுத்தினாய் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரமும் அவளுக்கு இது தெரியும் ஹுஸைஃபா. நீ அத்தனை பேர் கேட்கத் திட்டியபோதும் தெரியும். உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. நீ மறந்துபோய்ப் பேசினாயா, தெரிந்தே பேசினாயா என்று நான் கேட்கப் போவதில்லை, எதுவானாலும் பெற்றவளுக்கு வெட்கம்தான். முதல் இரண்டு நாள் நானும் இவள் ஓட்டியதால்தானோ என்று நினைத்தேன், அதற்கு அவள் கையைப் பிடித்து மாப்புக் கேட்டுவிட்டேன். என் பங்கு முடிந்தது.

ஹோஸும் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. பிச்சையா எங்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவி ஏற்றம்வரை ஓட்டிக் காட்டினார், வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. திரும்பும்போது சாவியை நிலோபரிடம் நீட்டினார். எனக்கு வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் இப்போது. இந்தப் பனி முடிவதற்குள் வாப்பாவுக்குத் திரும்பவும் மூச்சு முட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவசரம் என்றால் எடுப்பாள், எடுக்காமல் இருக்க மாட்டாள். ஆனால் உன் சொல் நினைவுக்கு வந்து ஒரு நிமிஷம் தயங்குவாள். அந்த ஒரு நிமிஷம் வாப்பாவுக்கு இருக்குமோ இருக்காதோ.

அதனால் இப்படிச் செய். வெள்ளிக்கிழமை ராபியாவையும் அவள் மாமியாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே இரண்டு மணிக்கு, அங்கே நீ ஜும்மாவுக்குப் புறப்படும் முன்னால், போன் பண்ணு. நான் ஸ்பீக்கரில் போடுவேன், அதை அணைக்கச் சொல்லாதே. டேப் ஒட்டியது நான்தான், சாவியை நீயே வைத்துக்கொள் என்று உன் வாயால் நிலோபரிடம் சொல். பொட்டலத்தில் இருப்பது அந்த நாலு பிளக்கும் உன் டேப்பும். பேசும்போது முன்னால் வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஐந்து வக்தும் உன் பெயரைச் சொல்லித்தான் துஆ கேட்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உண்மை சொல்லும் நாவையும் தருவானாக.

உன் உம்மா,
ஷரீபுன்னிசா

வாப்பாவிடம் டேப் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. நான் வாயெடுத்தபோதெல்லாம், அவங்களே சொல்லட்டும் மாமி, அவங்க சொல்லுவாங்க என்று நிலோபர்தான் என்னைத் தடுக்கிறாள். வெள்ளி, இரண்டு மணி.