முப்பது துண்டுகளாக ஒரு வீடியோ

செப்டம்பர் 8, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று முறிந்துவிட்டது. அடுகோடி ஆபீசுக்குள் நுழையும்போதே திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினிகள் எல்லாம் யார் யாரோ வீட்டில், கடையில் இருப்பவை. தண்ணீர் புகுந்தும் கரண்ட் போயும் ஒவ்வொன்றாக அணைகின்றன. பக்கத்து மேசை நவீன்: "காக்ஸ் டவுன் பக்கம் மொத்தமா போச்சு மலர்."

மாமாவின் வீடியோ இதில்தான் இருக்கிறது.

மாமா, அக்கா வீட்டுக்காரர். பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டியவர். ஏப்ரலில் வலது கை போனது. பாதுகாப்புக்கான கம்பித் தடுப்பை அவரே கழற்றினார் என்கிறது கம்பெனி. தடுப்பே கிடையாது. அதை மேலதிகாரிகளிடம் காட்டலாம் என்று கூட வேலை செய்யும் பசவராஜ் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கை போன காட்சியும் அதிலேயே பதிவாகிவிட்டது. எனக்கு அனுப்பிவிட்டார். பிறகு சூப்பர்வைசர் அவர் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தான். என் போனில் வைத்திருக்க முடியவில்லை, அக்கா பிள்ளைகள் அதில்தான் விளையாடும். நெட்வொர்க்கில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்தேன். வேறு பிரதி இல்லை.

வியாழன் லேபர் கோர்ட்.

செப்டம்பர் 9, செவ்வாய்
மழை. அக்கா போன்.
"உங்க மெஷினெல்லாம் போச்சாமேடி?"
"போவும்க்கா. அதுக்குத்தான் முப்பது துண்டாக்கி முப்பது எடத்துல வெச்சிருக்கு. எந்தப் பத்து கெடச்சாலும் முழு வீடியோவும் வந்துடும்."
"பத்துக்குக் கீழ போனா?"
"போவாது."
அப்போது மீதி பதினான்கு. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பன்னிரண்டு.

ரிப்பேர் தானாக நடக்கும்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கோப்புகள் வரிசையில். நவீனிடம் கேட்டேன், இதை முன்னால் தள்ள முடியுமா என்று. "யாரோடது?" "எங்க மாமாது." மேலே கேட்கவில்லை, தள்ளிவிட்டான். உயிரோடிருந்த துண்டுகளில் பத்தை இழுத்து, அதிலிருந்து தொலைந்தவற்றைக் கணக்குப் போட்டுப் புதிதாகச் செய்து, மழை இல்லாத கோயம்புத்தூர், ஹூப்ளி கணினிகளுக்கு அனுப்பியது. எல்லாம் பூட்டியபடியே. திறக்கும் சாவி என்னிடம் மட்டும்.

மத்தியானம் மறுபடி முப்பது. பாத்ரூமில் போய் அழுதேன். டிபன் பாக்ஸ் திறக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்
வெயில் இல்லை, மழையும் இல்லை. லீவு. லேப்டாப்போடு அக்கா வீடு. பிள்ளைகள் ஸ்கூலில். வீடியோவை இறக்கினேன்.

மாமா: "நானும் பாக்கணும்."
"வேணாம் மாமா."
"என் கைம்மா அது."

பார்த்தார். முதலில் பசவராஜ் ஏதோ சொல்ல, மாமா சிரிக்கிறார். பிறகு அந்தச் சத்தம். பிறகு கத்தல், நிற்கவே நிற்காத கத்தல். அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"கோர்ட்டுல சூப்பர்வைசர் வருவானா?"
"வருவாரு மாமா."
"அவன் முன்னாடி நான் கத்தறத போடுவீங்களா?"
அக்கா உள்ளிருந்தே, "போடலன்னா அவன் சொல்றதுதான் நெஜமாவும்" என்றாள்.
மாமா இடது கையால் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். காபி ஆறிப்போய் ஏடு படிந்தது.

செப்டம்பர் 11, வியாழன்
தூறல். கோர்ட் வராந்தாவில் அக்காவும் நானும். பென் டிரைவ் பைக்குள். மாமா வந்தார், கம்பெனி வக்கீலோடு. நேற்றே போய் ராஜியாகிவிட்டாராம். தன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிய தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர். இடது கையில் இன்னும் வரவில்லை.

திரும்பும்போது அக்கா பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி
தலைவலி. துணி காயவில்லை. நவீன் லட்டு கொடுத்தான். எந்தக் கோப்பும் தொலையவில்லை என்று ஆபீசில் கொண்டாட்டம்.

பசவராஜ் வாய்ஸ் மெசேஜ்: "அந்த மெஷின்ல ஹொஸ ஆளு, புது ஆளு போட்டிருக்காங்க மேடம். தடுப்பு இன்னும் இல்ல."

சாயங்காலம் மாமா போன்.
"மலரு, அத அழிச்சிட்டியாம்மா?"
"அழிச்சிட்டேன் மாமா."
அழிக்கவில்லை.