எஞ்சினுக்கு வைத்த பொட்டு

கச்சிராயபாளையம்
ஐப்பசி, 1993

அன்புள்ள மகன் பொன்னுரங்கத்துக்கு அப்பா மாயவன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், புதிதாகக் கன்று போட்ட நம் செவலைப் பசுவும் சுகம். அதுபோல அசாமில் நீயும் நீ ஏறிப்போகும் எஞ்சினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா கொளஞ்சியப்பர் சாமியிடம் சொல்லிவைத்திருக்கிறாள். கோமுகி அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மலைமேல் மழை இன்னும் விடவில்லை, தீபாவளி கழிந்து கரும்பு வெட்டு ஆரம்பித்தால் எனக்கும் டிராக்டர் ஓட்டம் இருக்கும். ஆயுத பூஜைக்கு முன்னால் வந்த கார்டுதான் உன்னிடமிருந்து கடைசி. அந்தப் பக்கம் வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்கள், வெள்ளம் என்றால் தபாலும் தாமதமாகும், அது எனக்குத் தெரிகிறது, உன் அம்மாவுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது.

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன லீவில் கல்கத்தாவில் வாங்கிவந்தாயே அந்தக் குட்டி எஞ்சின், நான் ஓட்டுவது இது மாதிரிதான் இருக்கும், என் நினைப்பு வந்தால் இதை ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதை உன் அம்மா ஒருநாள் விடாமல் ஓட்டிவந்தாள். விளக்கு வைத்ததும் நடுவீட்டில் தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்தி, கரண்ட் பெட்டியின் குமிழைத் திருப்பி, எம்புள்ள டூட்டிக்குப் போய்க்கினு இருக்கான் என்பாள். அது சுற்றி முடித்தால்தான் எனக்குச் சோறு. ஊருக்கு ரயில் வராவிட்டாலும் மாயவன் வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெருவில் கேலி செய்தார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்தது, ஆயுத பூஜை கழிந்து கொஞ்ச நாளில் நின்றுபோய்விட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, எஞ்சின் அசையவில்லை. அடுத்த வீட்டுக் காசியம்மாளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, இன்னாடி இது, புள்ள குடுத்த வண்டி நின்னுபோச்சி, அவங்கிட்டயிருந்து லெட்டரும் காணமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான், உன் அம்மா சோற்றைத் தொடவில்லை. எம்புள்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சிங்க, அந்த வேலையே வேணாம், வுட்டுட்டு வூட்டுக்கு வரச்சொல்லி எழுதுங்க, கரும்பு வெட்டியாச்சும் கஞ்சி குடிச்சிக்கலாம் என்று ஒரே அழுகை. நீ ராவும் பகலும் படித்து வாங்கிய ரயில்வே வேலை, அதை விடு என்று என் கையால் எப்படி எழுதுவேன். எழுதாவிட்டால் அவள் பட்டினி. முதலில் எஞ்சினைப் பார்க்கிறேன், சரியாகவில்லை என்றால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டிராக்டர் என்றால் ஏர் லாக், குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று டீசல் பம்பை அடித்துப் பார்ப்பேன், கரண்ட் சமாச்சாரம் எனக்கு ஆகாது. அதனால் பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அக்பர் அலி பாயை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவரும் இந்த மாதிரி வண்டியைப் பார்த்ததில்லையாம், பார்க்கலாமே என்று ஒரு சின்ன பல்பில் ஒயர் சுற்றி எடுத்துவந்தார். பெட்டியில் வைத்தார், பல்பு எரிந்தது. தண்டவாளத்தைச் சுரண்டிவிட்டு வைத்தார், எரிந்தது. அப்புறம் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி ஒயரை நேராக மோட்டாரில் தொட்டதும் அது விர்ரென்று சுற்றியது, உன் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மூடியை மாட்டித் தண்டவாளத்தில் வைத்தால் மறுபடியும் அசையவில்லை. அண்ணே, கரண்டும் இருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு, நடுவுல எதுவோ மறிக்குது, சக்கரம் வழியாத்தான கரண்டு மேல ஏறணும் என்று சொல்லி பாய் எஞ்சினைக் கவிழ்த்தார். பார்த்தால் சக்கரம் எல்லாம் சந்தனமும் குங்குமமும், காய்ந்து சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு நான் டிராக்டர் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தேன் அல்லவா, அதைப் பார்த்து இவளும் வைத்திருக்கிறாள், அதோடு விட்டாளா, கார்டு வராத கவலையில் தினமும் வேறு வைத்திருக்கிறாள். எஞ்சின் நெற்றியில் மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்டால், ஓடுறது அதுதான, அதுக்குத்தான வெக்கணும் என்கிறாள். பாய் சிரித்துக்கொண்டே, யக்கா, உங்க புள்ள வண்டிய நீங்களேதான் புடிச்சி நிறுத்தியிருக்கீங்க என்றார்.

என் மொபெட்டிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் துணியில் நனைத்து, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் பளிச்சென்று துடைத்துவிட்டுக் குமிழைத் திருப்பினோம். ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பியது பார், உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பாய்க்கும் எனக்கும் தோசை சுட்டுப் போட்டுத் தானும் சாப்பிட்டாள். ஓடட்டும் வுடுங்க, நல்லா ஓடணும்னு கும்புட்டுக்கினே நானே மறிச்சிக்கினு இருந்திருக்கேன், வேலைய வுடச்சொல்லி எழுதாதீங்க என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. காசியம்மாளையும் வரச்சொல்லி ஓட்டிக் காட்டினாள், அது தனிக் கதை.

இப்போது பொட்டு எஞ்சின் நெற்றியில் மட்டும்தான். நீ ஓட்டும் எஞ்சினின் சக்கரத்துக்கும் யாரையும் சந்தனம் வைக்க விடாதே என்று உனக்கு எழுதச் சொல்கிறாள். அது டீசலில் ஓடுவது, கரண்ட் சக்கரம் வழியாக ஏறாது என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள், நீயே எழுதிப் புரியவை. குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போடு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதே. சங்கராபுரத்தில் ஒரு பெண் இருக்கிறது, தை மாதம் லீவு கேட்டு வை.

இந்தக் கடைசி வரிகளை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவளுக்கு எஞ்சின் ஓடுகிறது, மனசு ஆறிவிட்டது. நான்தான் அவளைக் கேலி செய்துவிட்டு, தபால்காரர் வரும் நேரத்துக்குப் பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வாசலில் நிற்கிறேன். எனக்கு உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் ஆறும்ப்பா. இது கிடைத்ததும் ஒரே ஒரு வரி, சுகம் என்று போடு.

நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கார்டுக்குக் காத்திருக்கும் அப்பா
மாயவன்